காசில் புற்றுநோய் உண்டா? புக்கிட் மேரா தரும் விடை



எங்கள் பள்ளிப் பெற்றோர்களின் புலனக் குழுவில் அண்மையில் ஒரு செய்தி வலம் வந்தது. பழைய 20 காசு, 50 காசு நாணயங்களில் நிக்கல் கலந்திருக்கிறது. நிக்கல் புற்றுநோயை உண்டாக்கும். ஆகவே பிள்ளைகள் கையில் சில்லறை கொடுக்காதீர்கள், உண்டியலில் சேர்த்து வைத்திருந்தால் உடனே வங்கியில் போட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். அனுப்பியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் பள்ளி முடியும் நேரத்தில் இரண்டு தாய்மார்கள் என்னிடம் வந்து, "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டனர்.

வதந்தி என்று ஒரே சொல்லில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அச்செய்தியில் ஒரு பாதி உண்மை. நிக்கல் புற்றுநோயுடன் தொடர்புடையதுதான். எந்த நிக்கல், எங்கே, யாருக்கு என்பதைத்தான் செய்தி விழுங்கிவிட்டது. மேலும், கோப்பெங்கில் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி வெறும் காசு பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை. வீட்டில் புழங்கும் ஒரு பொருள் புற்றுநோய் தருமா என்னும் வழக்கு, இங்கிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில், ஈப்போ உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அங்கே பொருள் காசு அன்று, மணல். அந்த வரலாற்றை நம் பெற்றோர்களில் பலர் மறந்துவிட்டனர். இளைய ஆசிரியர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காசின் கதையை முடித்துவிடுவோம்.

மலேசியா 1967ஆம் ஆண்டு வெளியிட்ட 5, 10, 20, 50 காசு நாணயங்கள் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தால் ஆனவை. இவ்வகைக் கலவையில் வழக்கமாக முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். உலகின் பல நாடுகளில் இதே கலவைதான் புழங்கியது. வியர்வை பட்டால் நாணயத்திலிருந்து மிகச் சிறிதளவு நிக்கல் தோலில் படியும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதனால் அரிப்பும் தடிப்பும் வரலாம். 2002ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. புதிதாகப் புழக்கத்துக்கு வந்த 1, 2 யூரோ நாணயங்கள், ஐரோப்பிய விதி அனுமதித்த அளவைப்போல் 240 முதல் 320 மடங்கு வரை நிக்கலை வெளியிடுகின்றன என்று அதை எழுதியவர்கள் கண்டனர். அது அன்று பெரும் பரபரப்பாயிற்று. ஆனால் அந்த விதி தோல் ஒவ்வாமையைத் தடுக்க வந்த விதி. கட்டுரை பேசியதும் தோலைப் பற்றித்தான். புற்றுநோய் என்று அதில் எவரும் சொல்லவில்லை.

அப்படியானால் புற்றுநோய் எங்கிருந்து வந்தது? வேல்சு நாட்டிலிருந்து வந்தது. சுவான்சி பள்ளத்தாக்கில் கிளைடாக் என்றோர் ஊர். அங்கே 1902ஆம் ஆண்டு முதல் மோண்ட் நிறுவனத்தின் நிக்கல் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. அவ்வாலைத் தொழிலாளர்களுக்கு மூக்கினுள்ளும் நுரையீரலிலும் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் கவனித்தனர். 1949இல் பிரிட்டன் அதனைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீடு தரத் தொடங்கியது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் டால், 1958இல் கிளைடாக் தொழிலாளர்களின் இறப்புக் கணக்கை ஆராய்ந்தார். பொதுமக்களோடு ஒப்பிட, அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ 5 மடங்கு. மூக்குப் புற்றுநோய் ஏறத்தாழ 150 மடங்கு. மூக்குப் புற்றுநோய் மிக அரிதான நோய் என்பதால்தான் இந்த வேறுபாடு அவ்வளவு கூர்மையாகத் தெரிந்தது. ஆலையின் செய்முறை மாற்றப்பட்டு, தூசி குறைந்த பின் சேர்ந்தவர்களிடம் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

1990இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நிக்கல் சேர்மங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதற்பிரிவில் வைத்தது. உலோக நிலையிலுள்ள நிக்கலை, உண்டாக்கக்கூடும் என்னும் கீழ்ப்பிரிவில் வைத்தது. புலனச் செய்தியை எழுதியவர் இப்பட்டியலை எங்கோ பார்த்திருக்க வேண்டும். சுவாசிக்கும் தூசிக்கும் சட்டைப்பையில் கிடக்கும் காசுக்கும் உள்ள தூரத்தை அவர் பார்க்கவில்லை.

ஆகவே தாய்மார்களே, பிள்ளை சிற்றுண்டிச்சாலைக்குக் காசு கொண்டுபோகலாம். கையைக் கழுவிவிட்டு உண்ணட்டும், அது கிருமிக்காக. சின்னப் பிள்ளைகள் காசை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது தொண்டையில் சிக்கும் என்பதற்காக.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

கோப்பெங் ஈயத்தால் பிறந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கு ஈயம் தோண்டத் தொடங்கிவிட்டனர். 1892இல் இங்கிலாந்தின் காரன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலர்கள் கோப்பெங் ஈயச் சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினர். மலையிலிருந்து பெருங்குழாய்களில் நீரைக் கொண்டுவந்து, அதன் வேகத்தால் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தனர். நம்மவர்கள் 'லம்பம்' என்று சொல்லும் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகளை ஈப்போ செல்லும் வழியெங்கும் இன்றும் காணலாம். ஒரு பக்கம் ரப்பர்த் தோட்டம், மறு பக்கம் லம்பம். நம் பாட்டன் பூட்டன் பலரின் வாழ்க்கை இவ்விரண்டுக்கும் இடையில் கழிந்தது.

ஈய மண்ணைக் கழுவும்போது கனமான தாதுக்கள் அடியில் தங்கும். அதிலிருந்து ஈயத்தை எடுத்தபின் கறுப்பும் பழுப்புமாக ஒரு கனத்த மணல் மிஞ்சும். இதற்கு 'அமாங்' என்று பெயர். கிந்தாவில் அமாங் கொட்டகை தெரியாத பழைய ஆள் இருக்க முடியாது. இல்மனைட், சிர்க்கான், செனோடைம், மோனசைட் ஆகிய தாதுக்கள் அதில் இருக்கும். இவற்றுள் மோனசைட்டில் தோரியம் என்னும் கதிரியக்க உலோகம் உண்டு. லம்பத்தைச் சுற்றிக் கிடக்கும் வெண்மணல் வேறு. அது பெரும்பாலும் சாதாரணப் படிக மணல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோரியம் நம் வீடுகளுக்குள் முன்பே வந்துபோன ஒன்று என்றால் வியப்பாக இருக்கும். தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில், கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றுவார்கள். காற்றடித்ததும் உள்ளே தொங்கும் வலைப்பை வெண்ணிறமாக ஒளிரும். அதன் பெயர் மேண்டில். தொட்டால் உதிர்ந்துவிடும். அந்த வெண்மையைத் தந்தது தோரியம். ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் கண்ட கலவை அது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு.

அந்தத் தோரியத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. 1909இல் சாம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மின்னுவதைக் கண்டார். அம்மணல் வந்த கரையைத் தேடிச் சென்றார். மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்தது. கயிற்றில் ஒட்டிய மணலிலிருந்து ஒரு தொழிலே பிறந்த கதையை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கண்ணை அகல விரிப்பார்கள்.

மேண்டில் விளக்கின் ஒளியில் சாப்பிட்டவர்களுக்கு அதனால் கிடைத்த கதிரியக்கம் மிகச் சொற்பம். ஆனால் மேண்டில் செய்த இடத்தின் கதை வேறு. அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில், கேம்டன், குளோஸ்டர் ஆகிய நகரங்களில் மேண்டில் ஆலைகள் இருந்தன. ஆலைக் கழிவை ஊருக்குள் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தியிருந்தனர். அவ்விடங்களை 1996இல் அமெரிக்க அரசு, நாட்டின் மிக மோசமான மாசு நிலங்களின் பட்டியலில் சேர்த்தது. தோண்டி அப்புறப்படுத்தும் வேலை பல்லாண்டு நடந்தது. மேண்டிலை எவரும் ஏற்றாத காலத்திலும் அதன் மண் அங்கேயே கிடந்தது.

அதே நியூ செர்சியில்தான் கடிகாரக் கதையும் நடந்தது. முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து, இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசினர். பூசியவர்கள் இளம்பெண்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குப் பழக்கியிருந்தனர். தாடை எலும்பு அழுகியும் எலும்புப் புற்றுநோய் கண்டும் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டவர்கள் நேரம் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இப்போது காலம் மாறுகிறது. மலேசியாவில் 1978 இறுதியில் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அக்காலத் திரைகளில் சிவப்பு நிறத்தைத் தந்தவை இட்ரியம், யூரோப்பியம் என்னும் அரிய மண் தனிமங்கள். வெல்ஸ்பாக் காலத்தில் மோனசைட்டில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது தோரியம், மற்றவை மிச்சம். 1980களில் அது தலைகீழாயிற்று. அரிய மண் தனிமங்கள் விலைபோயின. தோரியம் வேண்டாத கழிவாயிற்று.

சப்பானின் மிட்சுபிஷி வேதியியல் நிறுவனமும் மலேசியப் பங்குதாரர்களும் சேர்ந்து 1979இல் ஏசியன் ரேர் எர்த் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். அதன் ஆலை 1982 சூலையில், ஈப்போவுக்கு அருகில் லாஹாட் வட்டாரத்துப் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. பக்கத்திலேயே சுமார் 11,000 பேர், பெரும்பாலும் சீனர்கள், வாழ்ந்த புதுக்கிராமம். அமாங்கில் கிடைத்த மோனசைட் உள்ளே போகும். அரிய மண் தனிமங்கள் ஏற்றுமதியாகும். தோரியம் ஹைட்ராக்சைடு மிஞ்சும். மிஞ்சியதை எங்கே கொட்டுவது?

முதலில் பாரிட்டில் கொட்ட எண்ணினர். ஊரார் எதிர்த்தனர், கைவிட்டனர். அடுத்துப் பாப்பான். இந்தச் சிற்றூரை நாம் வேறொரு காரணத்தால் அறிவோம். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்துச் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு அம்மையார் வாழ்ந்த ஊர் அது. அங்கே கழிவுக் குழிகள் வெட்டும் செய்தி வெளியானதும் 1984இல் ஆயிரக்கணக்கானோர் திரண்டு மறியல் செய்தனர். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று அதில் வேறுபாடு இல்லை. பார்வையிட வந்த அனைத்துலக அணுசக்தி முகமையின் வல்லுநர்களும் அக்குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்றனர். 1985 சனவரியில் அரசாங்கம் இடத்தைக் கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றியது.

இதற்கிடையில் ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. நிரந்தரக் கிடங்கு இல்லாததால் கழிவு ஆலையைச் சுற்றியே கிடந்தது. 1984 இறுதியில் சப்பானியக் கதிரியக்க மரபியல் வல்லுநர் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்து, ஆலையை ஒட்டிய திறந்த வெளியில் அளவெடுத்தார். அங்கே கதிரியக்கம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருந்தது. வேலி இல்லாத, பிள்ளைகளும் கால்நடைகளும் நடமாடக்கூடிய இடம்.

1985 பிப்ரவரி 1ஆம் நாள் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் எண்மர் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஈப்போ உயர்நீதிமன்றம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்வரை ஆலை இயங்கக்கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் மீண்டும் இயங்க அனுமதி தந்தது. செப்டம்பரில் முழு விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே ஒப்பராசி லாலாங். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானவர்களுள் புக்கிட் மேரா போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் இருந்தனர். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி இராமனும் இருந்தார். ஒரு வழக்கறிஞர், தம் கட்சிக்காரர்களின் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சிறைக்குள்.

இப்போராட்டத்தில் நம்மவர் பெயர்கள் இன்னும் உண்டு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இதிரிசு தமிழர். சங்கமும் அதன் தோழமை அமைப்பான சகாபாட் ஆலாம் மலேசியாவும் கிராமத்தார் பக்கம் நின்றன. கிராமத்தில் உடல்நல ஆய்வு நடத்தியவர் மருத்துவர் ஜெயபாலன் தம்பியப்பா. பாடநூலில் இடம்பெறாத இவர்களைப் பற்றி நம் பிள்ளைகளிடம் யார் சொல்வது?

இப்போது கட்டுரையின் கடினமான பகுதிக்கு வருகிறேன். புக்கிட் மேராவில் உண்மையில் புற்றுநோய் வந்ததா?

11,000 பேர் வாழ்ந்த அக்கிராமத்தில் ஐந்தாண்டுகளுக்குள் எண்மருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. முன்பு பல்லாண்டு அங்கு அந்நோய் தென்பட்டதில்லை. அந்த எண்மரில் எழுவர் மாண்டனர். 2011 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இதனைப் பதிவு செய்தது. நிறுவனம் இந்நோய்களுக்குத் தன் ஆலை காரணம் என்பதை ஒருபோதும் ஏற்கவில்லை.

ஆறாம் ஆண்டு மாணவர் போடக்கூடிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு இலட்சம் பேரில் ஆண்டுக்கு 5 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 11,000 பேரில் ஐந்தாண்டுக்கு எத்தனை? 2.75. அதாவது மூன்றுக்கும் குறைவு. கண்டதோ 8. இரண்டரை மடங்குக்கு மேல். இதைக் கேட்டதும் நமக்கு விடை தெரிந்துவிட்டது போல் தோன்றும். ஆனால் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது, தற்செயலாகவே ஓரிடத்தில் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். நாட்டில் எத்தனையோ கிராமங்கள். அவற்றுள் ஏதோ ஒன்றில் காரணமே இல்லாமலும் கூடியிருக்கலாம். இந்த எட்டு மட்டுமே ஆலையைக் குற்றவாளி ஆக்காது. இந்த எட்டைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. கிராமத்தின் பக்கத்தில் காரணமாகக்கூடிய ஒன்று குவிந்து கிடந்ததே.

தோரியம் உடலுக்குள் போனால் என்ன செய்யும் என்பதில் மருத்துவ உலகுக்கு ஐயமில்லை. 1930கள் முதல் 1950கள் வரை தோரோட்ராஸ்ட் என்னும் தோரிய மருந்தை, எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக நோயாளிகளின் உடலில் செலுத்தினர். அது உடலை விட்டு வெளியேறவே இல்லை. பல்லாண்டுக்குப் பின் அவர்களிடம் கல்லீரல் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் பெருகின. தோரியம் வெளியிடும் ஆல்ஃபா கதிர் தோலைத் துளைக்காது. ஒரு தாள்கூட அதைத் தடுத்துவிடும். ஆனால் தூசியாக உள்ளே போய் நுரையீரலில் படிந்தால் தடுக்கத் தாள் ஏது? நிக்கலுக்கும் இதே கதைதான். அன்றியும் தோரியத்தின் வழித்தோன்றல்களுள் ஒன்று வாயு. அது மண்ணிலிருந்து கிளம்பிக் காற்றில் கலக்கும். வேறு சில, தோலையும் சுவரையும் ஊடுருவும் காமா கதிரை வெளியிடும். ஆகவே கழிவைக் குவித்து வைத்தால் தொடாமலும் பாதிப்பு வரும்.

இதற்கு எதிர்ப்புறச் சான்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையான ஆசிரியர் ஆகமாட்டேன். கேரளத்தின் கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், மணவாளக்குறிச்சியில் இருப்பதுபோன்ற அதே மோனசைட் மணல் இயற்கையாகவே பரவிக் கிடக்கிறது. மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் வீடு கட்டி வாழ்கின்றனர். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கண்காணித்த ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களுள் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. ஆனால் கதிரியக்கம் மிகுந்த வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகவும், குறைந்த வீட்டில் இருந்தவர்களுக்குக் குறைவாகவும் வந்ததாகத் தெரியவில்லை. நெடுங்காலமாகப் பரவிக் கிடக்கும் மணல் ஒன்று. ஆலையில் அரைத்து, அமிலத்தில் கரைத்து, தோரியத்தை மட்டும் திரட்டி ஓரிடத்தில் குவித்த கழிவு மற்றொன்று. கேரளத்தின் எண்ணைக் கொண்டுவந்து புக்கிட் மேராவை விடுவிக்க இயலாது என்பதே என் எண்ணம். ஆனால் 'கதிரியக்கம்' என்ற சொல்லைக் கேட்டதுமே நடுங்குபவர்கள் கேரளத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றங்களும் இவ்விடத்தில்தான் பிரிந்தன. 1992 சூலை 11ஆம் நாள் நீதிபதி பெ சுவீ சின் கிராமத்தார் பக்கம் தீர்ப்பளித்து, 14 நாளில் ஆலையை மூடும்படி ஆணையிட்டார். நான் அப்போது பள்ளி மாணவி. ஈப்போவில் மக்கள் ஆரவாரித்த படத்தை நாளிதழில் பார்த்த நினைவு மங்கலாக இருக்கிறது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. 1993 திசம்பர் 23ஆம் நாள் தீர்ப்பையே மாற்றியது. ஆலைத் தரப்பு வல்லுநர்களின் அளவைகளை அது ஏற்றது. குறை இருந்தால் கிராமத்தார் முதலில் உரிம வாரியத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்றும் கூறியது. கிராமத்தார் தோற்றனர். ஆனால் அடுத்த மாதமே, 1994 சனவரி 19ஆம் நாள், வென்ற நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. வழக்கு காட்டிய எதிர்ப்பை அது மீண்டும் ஒருமுறை தாங்க விரும்பவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆலை கட்டப்பட்ட காலத்தில் கருவுற்ற நிலையில் அங்கே கொத்தனார் வேலை செய்த ஒரு தாய் இருந்தார். குறைபாடுகளுடன் பிறந்த மகனைத் தம் கையாலேயே வளர்த்தார். இளவயதிலேயே அம்மகன் காலமானார். அத்தாய் பின்னாளில் கூட்டங்களில் தம் கதையைச் சொன்னார். மகனின் நிலைக்கு ஆலைதான் காரணம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. இல்லை என்று அவரை நம்பவைக்கும் சான்றையும் எவரும் அவரிடம் கொண்டுவந்து காட்டவில்லை.

ஆலையை மூடியபின் தூய்மைப் பணி மெல்ல மெல்லப் பெருகியது. 2011இல் அந்த நாளிதழ் எழுதியபோது, அப்பணிக்கு மிட்சுபிஷி நிறுவனம் செலவிடும் தொகை ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். கதிரியக்கம் படிந்த மண்ணும் இடிபாடும் 11,000 லாரிச் சுமைக்கு மேல். எஃகுப் பீப்பாய்களில் அடைத்த கழிவு 80,000 பீப்பாய்களுக்கு மேல். இவையனைத்தும் கிளேடாங் மலைத்தொடரில் வெட்டிய கிடங்குக்குள் போகவேண்டியவை. தோரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம் 1,400 கோடி ஆண்டு. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, நம் பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்று பக்கத்தில் எழுதினால், வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

நோய்களுக்குப் பொறுப்பேற்காமல், நீதிமன்றத்துக்கு வெளியே கண்ட உடன்பாட்டில், நிறுவனம் புக்கிட் மேரா வட்டாரத்துக்கு 164,000 டாலர் கொடுத்தது. யாருக்குத் தெரியுமா? பள்ளிகளுக்கு.